நெடுவழிக்கு ஏற்ற காலணி

யாழ்ப்பாணக் குடாநாட்டின் இடப்பெயர்களை நோக்குவோர்க்கு ஓர் உண்மை எளிதிற் புலப்படும். மருதனார்மடம், ஆறுகால்மடம், ஓட்டுமடம் என, மடம் என்னும் சொல்லோடு முடியும் பெயர்கள் இங்கே பல உள. மடம் என்பது வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் அறச்சாலை. காங்கேசன்துறை வீதியில் இணுவிலுக்கும் சுன்னாகத்துக்கும் இடையே அமைந்த மருதனார்மடமும், மக்கள் கால்நடையாகவே ஊர்விட்டு ஊர் சென்ற காலத்தை நினைவூட்டும் பெயரே. தலைச்சுமையை இறக்கச் சுமைதாங்கியும், விடாய் தீர்க்கத் தண்ணீர்ப்பந்தலும், உறங்க மடமும் அமைத்த முன்னோர், நடப்போனுக்கு வேண்டியவற்றை நன்கு அறிந்திருந்தனர். ஆயினும், அவன் உள்ளங்காலைக் காக்கும் பொருளை எந்த மடமும் தந்ததில்லை. அதனை அவனே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. அவன் எதனைத் தேடினான், எது அவனுக்கு மறுக்கப்பட்டது, இன்று நெடுவழி செல்வோர் எதனைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பனவற்றை ஆராய்வது பயனுடையது.

காலணி தமிழர்க்குப் புதியதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையிலே, கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஆயன் ஒருவனைக் காட்டுகிறார். இடையறாது தோற்செருப்பு அணிந்ததனால் அவன் அடியில் வடு ஆழப் பதிந்திருக்கிறது. காட்டிலும் மேட்டிலும் ஆநிரைக்குப் பின்னே நடப்பவனுக்குச் செருப்பு அணிகலன் அன்று, தொழிற்கருவி. புறநானூற்றுப் புலவர் ஒருவரோ, செருப்பினுள் அகப்பட்ட சிறு பரற்கல்லைப் பகைவரை ஓயாது வருத்தும் வீரனுக்கு உவமையாக்கினார். நெடுந்தூரம் செருப்பணிந்து நடந்தவர் வாழ்ந்த சமுதாயத்திலேதான் இத்தகைய உவமை பிறக்கவும் விளங்கவும் கூடும். வேடராகிய கண்ணப்பர் செருப்பணிந்த காலினால் இறைவன் திருமுடியிலிருந்த மலரை விலக்கினார் எனப் பெரியபுராணம் கூறுவதும் யாவரும் அறிந்ததே.

எனினும், காலணி எல்லோருக்கும் உரியதாக இருக்கவில்லை. தமிழகத்திலும் ஈழத்திலும், தாழ்த்தப்பட்ட மக்கள் பிறர் முன்னிலையிற் செருப்பணிந்து நடத்தலாகாது என்னும் கட்டுப்பாடு நெடுங்காலம் நிலவியது. தோலைப் பதப்படுத்திச் செருப்புத் தைத்தவனின் கைத்திறனைக் கொண்டாடிய சமூகம், அவன் அதனை அணிந்து தெருவில் நடப்பதைப் பொறுக்கவில்லை. முள்ளும் வெயிலும் சாதி பார்ப்பதில்லை. மனிதனே அதனைப் பார்த்தான். இலங்கையில், சாதி காரணமாகச் சமூகக் குறைபாடுகளை விதித்தல் 1957 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் குற்றமாக்கப்பட்டது.

1619 இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமாயிற்று. அவர்கள் இத்தீவில் விட்டுச் சென்றவற்றுள் சொற்களும் அடங்கும். காலை முழுதும் மூடும் அணியை நாம் சப்பாத்து என்பதும், அதனுள் அணியும் காலுறையை மேசு என்பதும் அவர்தம் மொழியின் வழி வந்த வழக்குகளே. சொல் ஊர்தோறும் பரவினும், பொருள் அவ்வளவு விரைவாகப் பரவவில்லை. சப்பாத்து நெடுங்காலம் அதிகாரத்தின் அடையாளமாகவே இருந்தது.

நெடுவழியின் கொடுமையை முழுமையாக உணர்ந்தவர்கள், தமிழகத்திலிருந்து மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளரே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலிருந்து, மன்னார்க் கரையில் இறங்கிய அவர்கள், மாத்தளைவரை ஏறத்தாழ 150 மைல் தூரம் காட்டினூடே கால்நடையாகச் சென்றனர். கொலராவும் மலேரியாவும் பசியும் ஆயிரக்கணக்கானோரை வழியிலேயே மாய்த்தன. உயிரோடு மலையேறியவர்க்கும் வேறொரு பகை காத்திருந்தது. ஈரமண்ணில் வாழும் கொக்கிப்புழுவின் இளம்புழு, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலினுட் புகுந்து, குடலில் தங்கிக் குருதியை உறிஞ்சுவது. இவ்வுண்மையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கெய்ரோவிற் பணியாற்றிய ஆர்தர் லூஸ் என்னும் அறிஞர் கண்டறிந்தார். நாட்டுக்குப் பெருஞ்செல்வம் ஈட்டித் தந்தவர்கள், ஒரு சோடிச் செருப்பு இல்லாமையால் குருதிச்சோகைக்கு ஆளாயினர் என்பது வரலாற்றின் வேதனைமிக்க ஏடுகளுள் ஒன்று.

மனமுவந்து மேற்கொள்ளும் நெடுநடையும் நம்மிடையே உண்டு. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிற் புறப்பட்டு, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை வழியாகக் கதிர்காமம் சேரும் பாதயாத்திரை ஒன்றரை மாதத்துக்கு மேற்பட்டது. 1983 ஆம் ஆண்டின் வன்செயலாலும் அதனைத் தொடர்ந்த போராலும் தடைப்பட்ட இவ்யாத்திரை பின்னர் மீண்டும் தழைத்தது. உகந்தைக்கு அப்பால் குமண, யால வனங்கள். அங்கே கும்புக்கன் ஆற்றைக் கடத்தல் வேண்டும். சுடுமணலும் முட்புதரும் ஒருங்கே எதிர்ப்படும். வெறுங்காலோடு நடப்பதையே நேர்த்தியாகக் கொண்ட அடியார் பலர். அவர்தம் உறுதி போற்றற்குரியது. ஆயினும் நீரிழிவு நோயினர் ஒன்றை மறத்தலாகாது. அந்நோய் முதிருங்கால் பாதத்தின் உணர்ச்சி குன்றும். முள் தைத்ததும் தெரியாது, புண் பட்டதும் தெரியாது. சிறு புண் அழுகிக் காலையே இழக்க நேர்தலும் உண்டு. அத்தகையோர்க்குக் காலணி பக்திக்கு மாறானதன்று. கோயில் வாயிலிற் கழற்றிவைக்கும் வரையில் அதுவே காவல்.

விரும்பாத நடையும் இம்மண் கண்டது. 1995 அக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடு வாசலை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தனர். அன்று எவரும் காலணியைத் தெரிந்தெடுத்து அணியவில்லை. காலில் இருந்ததுவே காலணி.

இனி, உலகில் நடைக்காலணி வளர்ந்த வரலாற்றைச் சுருங்கக் காண்போம். 1839 இல் சார்ள்ஸ் குட்இயர் இறப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதிப்படுத்தும் வழியைக் கண்டார். 1876 இல் இலங்கையின் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் இறப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. 1935 இல் இத்தாலிய மலையேறி விற்றாலே பிரமானி, அல்ப்ஸ் மலையில் தம் தோழர் அறுவரை இழந்தார். தக்க காலணி இன்மையும் அதற்கொரு காரணம் எனக் கண்ட அவர், 1937 இல் ஆழ்ந்த பற்களையுடைய இறப்பர் அடியை உருவாக்கினார். அதன்பின் நெடுவழிக்குக் கனத்த தோற் சப்பாத்தே ஏற்றது என்னும் எண்ணம் வலுப்பெற்றது.

அவ்வெண்ணத்தை அசைத்தவர் ஒரு மூதாட்டி. 1955 இல் 67 வயதினராகிய எம்மா கேட்வுட், அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பாதையை, ஏறத்தாழ 3,300 கிலோமீற்றர் தூரம், சாதாரணக் கன்வஸ் சப்பாத்தோடு தனியே நடந்து முடித்தார். பல சோடிகள் தேய்ந்தன. அவர் கால்கள் தளரவில்லை. 1970களில் இலேசான நுரைப்பொருள் ஓட்டச் சப்பாத்துகளின் அடியில் இடம்பெற்றது. 1990களில் றே ஜார்டைன் என்பார் நெடுநடையினர்க்கு இலகுவான காலணியையே பரிந்துரைத்தார். இதற்கு அறிவியல் ஆதாரமும் உண்டு. காலில் ஏறும் ஒரு கிலோ எடை, முதுகில் ஏறும் நான்கு முதல் ஆறு கிலோ எடைக்கு நிகரான சக்தியைச் செலவிடச் செய்கிறது என ஆய்வுகள் காட்டின. ஒரு நாளிற் பல்லாயிரம் முறை தூக்கி வைக்கப்படும் உறுப்பு அன்றோ பாதம்! இன்று நெடுநடையினருட் பெரும்பாலோர், மலைவழி ஓட்டத்துக்கென அமைந்த இலேசான சப்பாத்துகளையே நாடுகின்றனர். பெருஞ்சுமை சுமப்போர்க்கும், குளிர்மிக்க பனிமலை செல்வோர்க்கும் கனத்த சப்பாத்து இன்றும் பொருந்தும்.

ஆயின், இத்தகைய சப்பாத்தைத் தெரிவது எங்ஙனம்? முதலாவது, அளவு. நெடுநேரம் நடக்கப் பாதம் வீங்கும். ஆதலின் மாலை வேளையில், நடைக்குரிய மேசை அணிந்துகொண்டே அளவு பார்த்தல் நன்று. விரல் நுனிக்கும் சப்பாத்தின் முனைக்கும் இடையே பெருவிரல் அகலம் இடைவெளி வேண்டும். இன்றேல் இறக்கத்தில் விரல்கள் மோதி நகம் கறுக்கும். குதிகாலோ அசையாது பொருந்துதல் வேண்டும். அசைந்தால் உராய்வு, உராய்ந்தால் கொப்புளம்.

இரண்டாவது, நீர். நீர் புகாத உறையுடைய சப்பாத்து குளிர்நாட்டுக்கு நன்று. நம் நாட்டு வெப்பத்திலோ அது வியர்வையை உள்ளே தேக்கும். ஆற்றைக் கடக்கையில் மேல்வாய் வழியே புகுந்த நீரையும் எளிதில் வெளியேற்றாது. நீரை வடியவிட்டு விரைந்து உலரும் வலைத்துணியே ஏற்றது. வலையினூடே மணல் புகும் என்பது அதன் குறை. அவ்வப்போது கழற்றி உதறுதலே அதற்கு மருந்து.

மூன்றாவது, அடி. சேற்று வழிக்கு ஆழ்ந்த பற்கள் வேண்டும். தார் வீதியில் அவை விரைவிலே தேய்ந்துபோகும். ஆதலின் இருவகை வழியும் கலந்து வரும் பயணத்துக்கு நடுத்தரப் பற்களே போதும். முள்ளும் கூர்ங்கல்லும் மிக்க வழிக்கு, அடியினுள்ளே காப்புத் தகடு பொருந்தியது சிறந்தது.

நான்காவது, பழக்கம். புதுச் சப்பாத்தோடு நெடுவழி புறப்படலாகாது. இரண்டு மூன்று வாரம் சிறுதூரம் நடந்து பழகுதல் வேண்டும். இத்தகைய சப்பாத்தின் ஆயுள் 500 முதல் 800 கிலோமீற்றர் என்பதனையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும். விலை உயர்ந்ததே நல்லது எனக் கருதுதல் தவறு. காலுக்குப் பொருந்துவதே நல்லது.

மலைநாட்டில் 22 பகுதிகளாக அமைந்த 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பீக்கோ நடைபாதை 2023 இல் திறந்துவைக்கப்பட்டது. தேயிலைத் தோட்டங்களினூடே செல்லும் அப்பாதையில், பல நாட்டவரும் தக்க காலணியோடு மகிழ்ந்து நடக்கின்றனர். அம்மலைகளை முதன்முதல் தோட்டமாக்கியவர்கள் வெறுங்காலினர். இன்று காலணியைத் தெரிந்தெடுக்கும் வாய்ப்பு நமக்கு உண்டு. அவ்வாய்ப்பு பலருக்கு நெடுங்காலம் இல்லாதிருந்தது என்பதை நினைந்து, நடப்பவன் எவனாயினும் அவன் பாதத்துக்குக் காப்பு உண்டா என நோக்குதல் வேண்டும். வழியோரம் மடம் கட்டியவர்களின் அறம் இன்று நம்மிடம் வேண்டுவது அதுவே.