சிக்கன் 65-க்கு ஜாதகம் எங்கே?

பழவேற்காடு போற எல்லாரும் டச்சுக் கல்லறைகளைப் பார்த்துட்டுத்தான் திரும்புவோம். 1613-ல் இங்கே கோட்டை கட்டினவங்க அவங்க. பேரையும் தேதியையும் கல்லில் செதுக்கி வச்சாங்க. இன்னிக்கு தொல்லியல் துறை அதைப் பாதுகாக்குது. ஆனா இந்த ஏரி இறாலையும் நண்டையும் தலைமுறை தலைமுறையா சமைச்சுப் போட்ட சாப்பாட்டுக் கடைகளுக்கு ஏதுங்க கல்வெட்டு?

சின்னக் கடையை விடுங்க, சென்னை மவுண்ட் ரோடு புஹாரியையே எடுத்துக்குவோம். கொழும்பில் படிச்ச ஏ.எம்.புஹாரி 1951-ல் ஆரம்பிச்ச ஓட்டல். சிக்கன் 65 அங்கேதான் 1965-ல் பிறந்ததுன்னு அவங்க சொல்றாங்க. ஊரோ, 65 நாள் கோழி, 65 மிளகாய், மெனுவில் 65-ம் நம்பர்னு ஆளுக்கொரு கதை விடுது. தேதி போட்ட ஒரு பழைய மெனு கார்டு போதும், இந்தச் சண்டை தீர!

ஸ்பெயின் நாட்டு மாட்ரிட்டில் போத்தின் என்று ஒரு சாப்பாட்டுக் கடை. 1725-லிருந்து நடக்குது, கொன்சாலெஸ் குடும்பம் கவனிச்சுக்குது. உலகிலேயே பழைய உணவகம்னு கின்னஸ் சான்றிதழ் கொடுத்திருக்கு. அந்தக் காலத்து விறகு அடுப்பைக் கூட இடிக்காம வச்சிருக்காங்க.

அதனால நண்பர்களே, அடுத்த தடவை பழைய கடையில் சாப்பிட்டா, கல்லாவில் இருக்கற பெரியவர்கிட்ட பேச்சுக் கொடுங்க. எந்த வருஷம் ஆரம்பிச்சது, முதல்ல யார் சமைச்சது, பழைய பில் புக், போட்டோ இருக்கான்னு கேளுங்க. அனுமதி வாங்கிப் படம் எடுத்து, தேதியோட பதிவு போடுங்க. பழவேற்காட்டு மீன் சாப்பாட்டுக் கடைகளிலிருந்தே தொடங்கலாமே!