வெங்காயத்துக்கு ஒரு சட்டம்

நேத்து ராத்திரி தங்கமணி உத்தரவுப்படி சாம்பாருக்கு வெங்காயம் உரிச்சிட்டு இருந்தப்போ ஞாபகம் வந்தது இந்தக் கதை. அமெரிக்காவுல தங்கம், கச்சா எண்ணெய், உயிரோட நிக்கிற மாடு எல்லாத்துக்கும் முன்பேரம் உண்டு. வெங்காயத்துக்குக் கிடையாது. 1958-லேர்ந்து தடை.

டிஸ்கி: நான் பொருளாதாரம் படிச்சவன் இல்லை. ஷேர்ல கையைச் சுட்டுக்கிட்டவன், அவ்வளவுதான் :-)

முன்பேரம்னா, மார்ச்ல தரப்போற மூட்டைக்கு ஆகஸ்ட்லயே விலை பேசி வெச்சுக்கிறது. விவசாயிக்கு அது ஒரு பாதுகாப்பு. நடுவுல விலை ஏறும்னு வாங்குறவனும், இறங்கும்னு விக்கிறவனும் விளையாடுவாங்க. சிகாகோ மெர்க்கன்டைல் எக்ஸ்சேஞ்ச்ல அப்போ வெங்காயம்தான் ரொம்ப சூடான சரக்கு.

அங்கே வந்து சேர்ந்தாங்க ரெண்டு பேர். வின்சென்ட் கொசுகா, நியூயார்க் மாநிலத்து வெங்காய விவசாயி. சாம் சீகல், சிகாகோவில் குளிர்பதனக் கிடங்கு வைத்திருந்தவர். 1955 கடைசியில் சிகாகோவில் கிடைத்த வெங்காயத்தில் 98 சதவீதம் இவங்க கையில். மொத்தம் 3 கோடி பவுண்ட், அதாவது சுமார் 13,600 டன்!

பதுக்கி விலை ஏத்துறதோட நிறுத்தியிருந்தா அது நமக்குப் பழகின கதை. இவங்க அடுத்து செஞ்சதுதான் விவகாரம். விவசாயிகளைக் கூப்பிட்டு, "எங்க சரக்குல கொஞ்சம் நீங்க வாங்கிக்குங்க, இல்லாட்டி மொத்தத்தையும் சந்தையில கொட்டிடுவோம்"ங்கிற மாதிரி மிரட்டினாங்க. வாங்கினா மிச்சத்தை வெளியே விடமாட்டோம்னு வாக்கும் கொடுத்தாங்க. பாவம், வாங்கினாங்க. இந்தப் பக்கம் ரெண்டு பேரும் விலை இறங்கினா லாபம் வர்ற மாதிரி ஃப்யூச்சர்ஸை விற்றுக் குவிச்சுட்டு, அப்புறம் சரக்கைக் கொட்டினாங்க.

இன்னொரு தில்லாலங்கடியும் உண்டு. கெட்டுப்போக ஆரம்பிச்ச வெங்காயத்தை வெளியூருக்கு அனுப்பி, சுத்தம் பண்ணி, புது மூட்டையில கட்டி, திரும்ப சிகாகோவுக்கே வரவெச்சாங்க. சந்தையில நின்னவங்க கண்ணுக்கு அது புதுச் சரக்கு. இன்னும் வருதுடான்னு விலை சரிஞ்சது.

1955 ஆகஸ்ட்ல 50 பவுண்ட் மூட்டை 2.75 டாலர். 1956 மார்ச்ல 10 சென்ட். உள்ளே இருந்த வெங்காயத்தைவிட சாக்கு விலை ஜாஸ்தி. நிறைய விவசாயிகள் திவாலானாங்க.

இதுல எனக்கு வயிறு எரிஞ்ச இடம் வேற. கொசுகாகிட்ட வாங்கினவங்கள்ல ஒருத்தர், இந்தப் பேரமே சட்டவிரோதக் கூட்டு, மிச்சப் பணம் தரமுடியாதுன்னு மறுத்தார். வழக்கு உச்சநீதிமன்றம் வரைக்கும் போச்சு. 1959-ல் தீர்ப்பு: வாங்கின வெங்காயத்துக்குக் காசைக் கொடு! ஜெயிச்சது கொசுகா.

விவசாயிகள் கொதிச்சதும் மிச்சிகன் எம்.பி. ஒருத்தர் மசோதா கொண்டுவந்தார். பேரு ஜெரால்டு ஃபோர்டு. ஆமா, பின்னாடி ஜனாதிபதி ஆனாரே, அவரேதான். 1958 ஆகஸ்ட்ல ஐசன்ஹோவர் கையெழுத்துப் போட்டார். மீறினா 5,000 டாலர் வரை அபராதம். எக்ஸ்சேஞ்ச் கோர்ட்டுக்குப் போயும் ஜெயிக்கலை. 1961-ல பன்றி வயிற்றுக் கறிக்கு முன்பேரம் ஆரம்பிச்சுப் பிழைச்சுக்கிட்டாங்க.

எனக்கு இது எலியைப் பிடிக்க வீட்டைக் கொளுத்தின கதையாத்தான் படுது. எவன் கையில எவ்வளவு சரக்கு, எவன் எந்தப் பக்கம் பந்தயம் கட்டியிருக்கான்னு அந்த விவசாயிகளுக்குத் தெரியலை. வியாதி அதுதான். அதைக் காட்டச் சொல்லாம சந்தையையே மூடிட்டாங்க. முன்பேரம் இருந்த வருஷங்கள்ல வெங்காய விலையோட பருவகால ஆட்டம் குறைவாவே இருந்ததுன்னு ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஹோல்புரூக் வொர்க்கிங் 1960-ல எழுதினார். யார் கேட்டாங்க?

அதே நாடு 2000-ல நேரெதிரா ஒரு வேலை பண்ணிச்சு. எரிபொருள் முன்பேரத்துல ஒரு பகுதியை கண்காணிப்புலேர்ந்து விடுவிச்சு ஒரு சட்டம். அதுக்கு 'என்ரான் ஓட்டை'ன்னே பேரு. அதை ஓரளவாவது அடைக்க 2008 ஆச்சு.

கொசுறு: வெங்காயத்துக்கு 2010-ல துணை கிடைச்சது. டாட்-ஃபிராங்க் சட்டத்துல சினிமா பாக்ஸ் ஆபீஸ் வசூல் மேல முன்பேரம் பேசுறதுக்கும் தடை போட்டுட்டாங்க.