தவ்ர் குகை: ஒரு பயணத் திட்டத்தின் வரலாறு

முஹர்ரம் பிறந்துவிட்டால் நம் பள்ளிவாசல்களில் ஹிஜ்ரத் குறித்த பயான்கள் தொடங்கிவிடும். குகை வாயிலில் வலை பின்னிய சிலந்தியும் முட்டையிட்ட புறாவும் நம் பிள்ளைகள் அனைவருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பயணத்திற்காக நான்கு மாதங்கள் தீனியிட்டு வளர்க்கப்பட்ட இரண்டு ஒட்டகங்களை எத்தனை பிள்ளைகள் அறிவார்கள்?

சென்ற ஆண்டு வகுப்பில் இந்த வரலாற்றை நாம் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: "ஹஜ்ரத், அல்லாஹ் பாதுகாப்பான் என்பது நபியவர்களுக்குத் தெரியும். அப்படியிருக்க அவர்கள் ஏன் குகையில் ஒளிந்திருந்தார்கள்?" அவன் ஏன் கேட்டான் என்பது நமக்குப் பிறகுதான் தெரிந்தது. அவனுடைய அண்ணனை ஒரு முகவரை நம்பி வெளிநாட்டு வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். விசாவைச் சரிபார்க்கவில்லை, ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கவில்லை. "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று அத்தா சொன்னதோடு பேச்சு முடிந்துவிட்டது. அண்ணன் வெறுங்கையோடு திரும்பி வந்தார். கடன் மட்டும் வீட்டில் நிற்கிறது. தவக்குல் வைத்த குடும்பத்திற்கு ஏன் இப்படி நேர்ந்தது என்பதே அந்தப் பிள்ளையின் உண்மையான கேள்வி. அதற்குரிய விடை ஹிஜ்ரத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது.

நான்கு மாத ஆயத்தம்

கி.பி. 622. மக்காவின் முஸ்லிம்கள் ஒருவர் பின் ஒருவராக யத்ரிபுக்குச் சென்றுகொண்டிருந்த காலம். அபூபக்ர் (ரலி) அவர்களும் புறப்பட ஆயத்தமானார்கள். தமக்கும் அனுமதி கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதாகவும், சற்றுப் பொறுத்திருக்குமாறும் நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். அன்றே அபூபக்ர் (ரலி) அவர்கள் தம்மிடமிருந்த இரண்டு பெண் ஒட்டகங்களுக்குக் கருவேல இனத்தைச் சேர்ந்த ஸமுர் மரத்தின் தழைகளைத் தீனியாக இட்டுத் தேற்றத் தொடங்கினார்கள். நான்கு மாதங்கள் அவ்வாறு செய்ததாக அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பு ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. பயண நாள் தெரியாது, வழியும் முடிவாகவில்லை. தோழருடன் செல்லப்போகிறோம் என்ற நம்பிக்கை ஒன்றே அவர்களிடம் இருந்தது.

ஒருநாள் நண்பகல் வெயிலில், வழக்கமாக வராத நேரத்தில், தலையை மூடியவர்களாக நபியவர்கள் அபூபக்ர் (ரலி) அவர்களின் இல்லத்திற்கு வந்தார்கள். அருகிலிருப்போரை வெளியேற்றுமாறு கூறினார்கள். இங்கிருப்பவர்கள் தங்கள் குடும்பத்தினரே என்று அபூபக்ர் (ரலி) அவர்கள் தெரிவித்த பின்னரே, புறப்பட அனுமதி வந்துவிட்ட செய்தியை வெளியிட்டார்கள். தோழமைக்குத் தமக்கும் இடமுண்டா என்று கேட்டு, உண்டு என்ற பதிலைப் பெற்றபோது அபூபக்ர் (ரலி) அவர்கள் மகிழ்ச்சியால் அழுதார்கள். மகிழ்ச்சியிலும் ஒருவர் அழக்கூடும் என்பதை அன்றுதான் அறிந்ததாக அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பின்னாளில் சொன்னதாக சீறா நூல்கள் குறிப்பிடுகின்றன. ஒட்டகங்களில் ஒன்றை அபூபக்ர் (ரலி) அவர்கள் அன்பளிப்பாகத் தர முன்வந்தபோது, விலைக்கே பெறுவேன் என்று நபியவர்கள் உறுதியாகக் கூறினார்கள்.

ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு

யத்ரிப் மக்காவுக்கு வடக்கே இருக்கிறது. தேடுவோர் முதலில் வடக்குப் பாதையிலேயே தேடுவார்கள். இருவரும் சென்றதோ தெற்கே உள்ள தவ்ர் மலைக்கு. அங்கே மூன்று இரவுகள் தங்கினார்கள்.

அந்த மூன்று இரவுகளின் ஏற்பாட்டைப் பாருங்கள். அபூபக்ர் (ரலி) அவர்களின் மகன் அப்துல்லாஹ் கூர்மதி வாய்ந்த இளைஞர். இரவைக் குகையில் கழித்துவிட்டு, விடியுமுன் திரும்பி, மக்காவிலேயே உறங்கி எழுந்தவர்போல் குறைஷிகளிடையே நடமாடுவார். அவர்களின் சூழ்ச்சிகளைக் கேட்டறிந்து இருட்டியதும் வந்து சொல்வார். அபூபக்ர் (ரலி) அவர்களால் விடுதலை செய்யப்பட்ட ஆமிர் பின் ஃபுஹைரா ஆடுகளை அப்பக்கமாக ஓட்டி வந்து இரவில் பால் கறந்து கொடுப்பார். அஸ்மா (ரலி) அவர்கள் உணவுப் பையின் வாயைக் கட்டக் கயிறு இல்லாதபோது தம் இடுப்புக் கச்சையைக் கிழித்துக் கட்டினார்கள். அதனாலேயே அவர்களின் பெயரோடு கச்சையும் சேர்ந்து வரலாற்றில் நிலைத்துவிட்டது.

வழிகாட்டியாக அமர்த்தப்பட்டவர் பனூ தீல் கிளையைச் சேர்ந்த அப்துல்லாஹ் பின் உரைகித். அவர் அப்போது குறைஷிகளின் மார்க்கத்திலேயே இருந்தார். ஆயினும் வழிகளை நன்கறிந்தவர், வாக்குத் தவறாதவர். இரண்டு ஒட்டகங்களையும் முன்னதாகவே அவரிடம் ஒப்படைத்து, மூன்று இரவுகளுக்குப் பின் அவற்றோடு தவ்ருக்கு வருமாறு கூறினார்கள். திறமையையும் நாணயத்தையும் பார்த்து ஆளைத் தேர்ந்தார்கள். நம் மாணவனின் வீட்டில் தவறிப்போனது இந்த இடத்தில்தான்.

அலீ (ரலி) அவர்கள் நபியவர்களின் படுக்கையில் உறங்கினார்கள். பின்னர் மக்காவிலேயே தங்கி அமானிதப் பொருள்களை உரியவர்களிடம் சேர்ப்பித்தார்கள். கொல்லத் துணிந்த ஊராரின் பொருள்களையும் உரியவரிடம் சேர்க்காமல் அந்தப் பயணம் முழுமை பெறவில்லை.

வீட்டில் எஞ்சியிருந்தோரின் நிலையையும் மறக்கலாகாது. அபூபக்ர் (ரலி) அவர்கள் கையிலிருந்த ஐயாயிரம் அல்லது ஆறாயிரம் திர்ஹம்களையும் எடுத்துச் சென்றுவிட்டார்கள். பார்வையிழந்த முதியவரான தந்தை அபூகுஹாஃபா கவலையோடு விசாரிக்க வந்தபோது, அஸ்மா (ரலி) அவர்கள் பணம் வைக்கும் மாடத்தில் கற்களை அடுக்கி, துணியால் மூடி, பாட்டனாரின் கையை அதன்மேல் வைத்துக் காட்டினார்கள். முதியவர் மனம் ஆறினார். ஒரு பயணத்தின் சுமையைச் செல்பவர் மட்டுமே சுமப்பதில்லை; வீட்டிலிருப்போரும் சுமக்கிறார்கள்.

குகை வாயிலில்

இத்தனை ஏற்பாடுகளுக்குப் பிறகும் தேடியவர்கள் குகை வாயில்வரை வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் தம் பாதங்களை நோக்கிக் குனிந்தால் நம்மைக் கண்டுவிடுவாரே என்று அபூபக்ர் (ரலி) அவர்கள் கலங்கினார்கள். இருவருடன் மூன்றாமவனாக அல்லாஹ் இருக்கிறான் என்று நபியவர்கள் தேற்றினார்கள். குர்ஆனின் 9ஆம் அத்தியாயம் 40ஆம் வசனம் இந்நிகழ்வையே குறிப்பிடுகிறது. அபூபக்ர் (ரலி) அவர்களைத் தோழர் என்ற சொல்லாலேயே அது சுட்டுகிறது.

சிலந்தி, புறா பற்றிய செய்திகள் புகாரியிலோ முஸ்லிமிலோ இடம்பெறவில்லை. அவற்றின் அறிவிப்பாளர் தொடர் குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவற்றைச் சொல்லும்போது ஒட்டகங்களையும் ஆட்டு மந்தையையும் வழிகாட்டியையும் விட்டுவிட்டால், அற்புதம் மட்டுமே பிள்ளைகளின் மனத்தில் நிற்கும், உழைப்பு மறைந்துபோகும்.

உம்ரா சென்றபோது நாமும் ஒரு தோழருடன் அம்மலையில் ஏறினோம். காலில் செருப்பும் கையில் தண்ணீர்ப் புட்டியும் இருந்தும், நாற்பதைத் தாண்டிய நமக்குப் பாதி வழியிலேயே மூச்சு வாங்கியது. அன்று நபியவர்களுக்கு வயது ஐம்பத்து மூன்று. தவ்ரில் ஏறுவது உம்ராவின் கடமையோ சுன்னத்தோ அன்று. முதியோரை அழைத்துச் செல்வோர் இதை நினைவிற்கொள்ளட்டும். ஆனால் ஏறியவர்களுக்கு ஒன்று விளங்கும்: அந்தப் பாறைகளின் மேல் ஒவ்வோர் அடியும் மனிதக் கால்களாலேயே எடுத்து வைக்கப்பட்டது.

நான்காம் நாள் வழிகாட்டி சொன்னபடியே வந்தார். கடலோரப் பாதையில் பயணம் தொடர்ந்தது. ஒவ்வொருவரின் தலைக்கும் நூறு ஒட்டகங்கள் பரிசு என்ற அறிவிப்பைக் கேட்டு ஸுராக்கா பின்தொடர்ந்தார்; அவருடைய குதிரையின் கால்கள் மணலில் புதைந்தன. ரபீஉல் அவ்வலில் இருவரும் குபாவை அடைந்தார்கள். பின்னாளில் உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் ஆண்டுக் கணக்கு வகுக்கப்பட்டபோது, இந்தப் பயணத்தையே தொடக்கமாகக் கொண்டார்கள்.

மாணவனிடம் நாம் சொன்னது இதுதான்: "தம்பி, தவக்குல் குகை வாயிலில் தொடங்கவில்லை. முதல் பிடித் தழையை ஒட்டகத்திற்கு இட்ட அன்றே தொடங்கிவிட்டது. உன் அத்தா அல்லாஹ்வின்மேல் வைத்த நம்பிக்கை தவறல்ல. அந்த நம்பிக்கைக்குரிய வேலையைச் செய்யாமல் விட்டதே தவறு. அண்ணனை அடுத்த முறை அனுப்பும்போது காகிதங்களை எடுத்து வா, உட்கார்ந்து படிப்போம்." சில மாதங்களுக்குப் பின் அவன் ஓர் உறையோடு வந்தான். மஃரிபுக்குப் பிறகு அமர்ந்து வரி வரியாகப் படித்தோம். பிறகு துஆச் செய்தோம்.

நம் பயணங்களிலும் நம் பிள்ளைகளின் பயணங்களிலும் முயற்சியையும் தவக்குலையும் அல்லாஹ் ஒன்றுசேர்த்துத் தருவானாக! ஆமீன்.