மணி அடித்தால் யார் எடுப்பது? மும்பைத் தமிழர் பணியிடங்களில் தொலைபேசி ஒழுங்கின் வரலாறு

பணியிடத்தில் கைப்பேசியை எப்போது எடுக்கலாம், எப்போது அணைத்து வைக்க வேண்டும் என்பது இன்று நாகரிகம் சார்ந்த கேள்வியாகவே பேசப்படுகிறது. மாட்டுங்கா, தாராவி, செம்பூர் ஆகிய பகுதிகளின் உழைப்பு வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால் வேறொரு சித்திரம் தெரிகிறது. அழைப்புக்கு யார் பணம் கொடுத்தார், உழைப்பவரின் நேரம் யாருக்கு உரியதாக இருந்தது என்னும் இரண்டுமே ஒவ்வொரு காலத்திலும் தொலைபேசி ஒழுங்கைத் தீர்மானித்துள்ளன.

1882இல் கல்கத்தா, சென்னை நகரங்களோடு பம்பாயிலும் தொலைபேசி இணைப்பகம் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் அது பெரும்பாலும் வணிக நிறுவனங்களின் கருவி. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றுப் பம்பாய்க்கு வந்து, மாட்டுங்காவில் குடியேறிய தமிழர் பலர் கோட்டைப் பகுதி அலுவலகங்களில் பணியேற்றனர். மேலதிகாரிக்கு வரும் அழைப்பை எடுப்பதும், அழைப்பவர் யாரென விசாரிப்பதும், இணைப்பதா தவிர்ப்பதா என்று அறிந்து நடப்பதும் சுருக்கெழுத்தரின் வேலையில் அடங்கின. கருவி அவர் கையில் இருந்தது, அழைப்பு அவருக்கானதன்று. வீட்டிற்குத் தொலைபேசி கேட்டு விண்ணப்பித்தால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் அது. அக்கம்பக்கத்தார் எண்ணைப் ‘பி.பி. நம்பர்’ எனக் கொடுத்துவிட்டு, அவர்கள் கூப்பிடும்போது ஓடிச்சென்று பேசுவதே பல குடும்பங்களின் வழக்கம்.

தாராவியின் நிலை வேறு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்டவர்களின் பணியிடத்திற்குள் தொலைபேசி ஏறக்குறைய நுழையவேயில்லை. 1984இல் சி-டாட் நிறுவப்பட்டதைத் தொடர்ந்து எஸ்.டி.டி. பூத்துகள் தெருதோறும் பரவின. வேலை முடிந்து, இரவில் கட்டணம் குறைந்தபின் பூத்தில் வரிசையில் நின்று ஊருக்குப் பேசினார்கள். உழைக்கும் நேரமும் பேசும் நேரமும் தனித்தனியாக இருந்ததால் ஒழுங்கு விதிக்குத் தேவையே எழவில்லை. கட்டணமே விதியாக நின்றது.

1995இல் மும்பையில் பி.பி.எல்., மேக்ஸ் டச் நிறுவனங்களின் செல்பேசிச் சேவை தொடங்கியபோது நிமிடத்திற்கு 16 ரூபாய் அளவுக்குக் கட்டணம் இருந்தது. வரும் அழைப்புக்கும் பணம் கட்ட வேண்டும். எனவே எடுக்காமல் விடுவதே சிக்கனம். ‘மிஸ்டு கால்’ ஒரு மொழியாயிற்று. ஒரு மணி அடித்தால் வந்து சேர்ந்துவிட்டதாகப் பொருள். இரண்டு மணி அடித்தால் திரும்ப அழைக்கவும். அழைக்கும் செலவை வசதியுள்ளவர் ஏற்க வேண்டும் என்னும் எழுதப்படாத மரபும் அதனுள் இருந்தது.

2003 மே 1 முதல் வரும் அழைப்பு இலவசமானது. இது தொழிலாளிக்குப் பெரும் நன்மை. கருவியும் கட்டணமும் அவர் கைக்கு எட்டின. ஆனால் அந்த மாற்றத்திற்கு மறுபக்கமும் உண்டு. எந்த நேரத்திலும் அழைக்கப்படக்கூடியவராகத் தொழிலாளி ஆனதும் அப்போதுதான். அதுவரை அழைப்பை எடுக்காததற்குக் காசு ஒரு காரணமாக இருந்தது. அதன்பின் அந்தக் காரணம் இல்லாமற்போயிற்று.

தாராவியின் தோல்பை, தையல் பட்டறைகளில் பலர் வேலை செய்யும் அறையிலேயே உறங்குகின்றனர். வேலை நேரத்தில் கைப்பேசி எடுத்தால் கண்டிப்பு. இரவில் வாட்ஸ்அப்பில் வரும் புதிய மாதிரியின் படத்தைப் பார்க்காவிட்டாலும் கண்டிப்பு. கத்தியும் தையல் இயந்திரமும் ஓடும் இடத்தில் கவனச்சிதறல் ஆபத்து என்பதை மறுக்க முடியாது. பீஸ் ரேட்டில் உழைப்பவர் பேசும் நேரத்தில் தம் கூலியையே இழக்கிறார் என்பதும் அதே அளவு உண்மை.

செம்பூரை அடுத்த மாகுலில் 1950களின் நடுப்பகுதியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. இத்தகைய ஆலைகளின் தீ அபாயப் பகுதிகளுக்குள் சாதாரணக் கைப்பேசி செல்லக்கூடாது. அந்த விதி பொறியாளருக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் ஒன்றே. காரணம் வெளிப்படையாக இருப்பதால் அதை அவமதிப்பாக எவரும் கருதுவதில்லை. பிற பணியிடங்களின் ‘கைப்பேசி ஒழுங்கு’ கீழ்நிலையில் இருப்பவரை மட்டும் கட்டுப்படுத்துவதோடு இதை ஒப்பிட்டால் பாதுகாப்பு விதிக்கும் அதிகார விதிக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகும்.

பணிநேரத்திற்குப் பின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமையைப் பிரான்சு 2017இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மகாராஷ்டிரத்தின் பாராமதித் தொகுதி உறுப்பினர் சுப்ரியா சுலே 2018இல் அதே நோக்கில் மக்களவையில் தனிநபர் மசோதா ஒன்றை அறிமுகப்படுத்தினார்; அது சட்டமாகவில்லை. சட்டமாகியிருந்தாலும் தாராவியை எட்டியிருக்குமா என்பது ஐயமே. 1948ஆம் ஆண்டின் பம்பாய்க் கடைகள், நிறுவனங்கள் சட்டம் சிறு கடைகளையும் வேலைநேர வரம்புக்குள் வைத்திருந்தது. அதற்கு மாற்றாக வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டபோது 10 பேருக்குக் குறையாமல் வேலைக்கு அமர்த்தும் இடங்களையே முழுமையாகத் தழுவியது. தாராவியின் பட்டறைகள் பல அந்த எண்ணிக்கைக்குக் கீழே உள்ளவை. கட்டணம் அகன்ற இடத்தைச் சட்டமும் நிரப்பவில்லை.

ஆகவே பணியிடக் கைப்பேசி ஒழுங்கை ஆராய்பவர் அழைப்பை எடுத்தவரின் நடத்தையோடு நின்றுவிடலாகாது. அழைத்தவர் யார், எந்த நேரத்தில் அழைத்தார், எடுக்காமலிருக்க மற்றவருக்கு இயலுமா என்பனவற்றையும் பதிவு செய்ய வேண்டும். மாட்டுங்காவின் சுருக்கெழுத்தருக்கு மாலையில் அலுவலகத்தோடு தொலைபேசியும் மூடப்பட்டது. தாராவியின் தையற்காரருக்கு அந்த மாலை இன்னும் வரவில்லை.