27 ஆண்டுக் காவல்

ஸ்பெயினின் செவில் நகரில், குவாதல்கிவிர் ஆற்றங்கரையில் நிற்கிறது தங்கக் கோபுரம். அல்மொஹாத் ஆளுநர் அபுல் உலா 1220-21இல் கட்டியது. கடலிலிருந்து ஆற்றில் ஏறிவரும் பகைக் கப்பல்களைத் தடுக்க வேண்டும், அவ்வளவுதான் அதற்கு இட்ட வேலை. அதை அது பார்த்தது 27 ஆண்டுகள்.

1248 மே மாதம், காஸ்தீல் மன்னர் மூன்றாம் பெர்னாந்துக்காக ரமோன் போனிபாஸ் வடகடலோரத்திலிருந்து கப்பல்களோடு வந்தார். நகரையும் திரியானா கரையையும் இணைத்த படகுப் பாலத்தில் மோதி, அதைப் பிணைத்திருந்த இரும்புச் சங்கிலியை அறுத்தார். சோறு வரும் வழி அடைபட்டது. நவம்பரில் நகரம் சரணடைந்தது. வடக்கே சாந்தாந்தேர் நகரின் சின்னத்தில் இந்தக் கோபுரமும் சங்கிலி அறுக்கும் கப்பலும் இன்றும் உண்டு. தோற்ற காவல்காரனுக்கு எதிரி ஊரில் இப்படியொரு மரியாதை!

பிறகு வேலை மாறிக்கொண்டே போனது: தேவாலயம், சிறை, வெடிமருந்துக் கிடங்கு. அமெரிக்கத் தங்கத்தைக் குவித்து வைத்ததால்தான் இந்தப் பெயர் என்று சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கொலம்பஸ் பிறப்பதற்கு முன்பே பெயர் இருந்தது. 2005இல் பழுதுபார்த்தபோதுதான் விஷயம் தெளிந்தது: சுண்ணாம்பும் வைக்கோலும் கலந்த மேற்பூச்சு வெயிலில் பொன்னாக மின்னியிருக்கிறது.

கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் மூன்று காலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்பது தெரியும். அடியில் பன்னிரண்டு முகம் கொண்ட அல்மொஹாத் கட்டு. அதன் மேல் 14ஆம் நூற்றாண்டில் எழுப்பிய சிறிய அடுக்கு. உச்சியில், 1760இல் ராணுவப் பொறியாளர் செபஸ்தியான் வான் டெர் போர்க்ட் வைத்த வட்ட மாடமும் பொன்னிறக் கவிகையும். 1755இல் லிஸ்பனைத் தகர்த்த நிலநடுக்கம் இதையும் உலுக்கியிருந்தது. சாலையை அகலப்படுத்த இடித்துவிடலாம் என்றார்கள், ஊர்மக்கள் விடவில்லை. உள்ளே நடுவிலிருக்கும் அறுகோணத் தூணுக்குள் படிகள் சுற்றிச் சுற்றி ஏறுகின்றன. 1944 முதல் இது கடற்படை அருங்காட்சியகம்: மாதிரிக் கப்பல்கள், பழைய வரைபடங்கள், திசைகாட்டிகள். மேல்தளத்தில் நின்றால் எதிரே திரியானா, கீழே சுற்றுலாப் படகுகள்.

அந்தத் தண்ணீரும் பழைய ஆறு இல்லை. வெள்ளத்துக்குப் பயந்து 20ஆம் நூற்றாண்டில் பெரும்போக்கைத் திரியானாவுக்கு மேற்கே திருப்பிவிட்டார்கள். கோபுரத்தடியில் இருப்பது அடைத்து நிறுத்திய துறைமுக நீர். நகருக்குத் தெற்கே உள்ள கதவுகளைத் திறந்துவிட்டால்தான் கடலிலிருந்து எந்தக் கப்பலும் உள்ளே வர முடியும்.