மூங்கில் உடைந்தபோது பிறந்த குழல்

சென்ற ஆண்டு ஒரு மழைநாள் மாலையில் என் 11 வயது மகள் தன் டின் விசிலில் முத்துஸ்வாமி தீட்சிதரை வாசித்துக்கொண்டிருந்தாள். கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டுப் பெரியவர் நின்றிருந்தார். 80 வயதை நெருங்குபவர், புல்லாங்குழல் வாசிப்பவர்.

"உங்கள் வீட்டில் யாரோ இங்கிலாந்து ராஜாவை வாழ்த்துகிறார்களே, ஏதும் விசேஷமா?" என்றார்.

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் முதுகலை படிக்க அயர்லாந்துக்கு வந்து, வேலை கிடைத்து, 20 வருடமாக இங்கேயே தங்கிவிட்ட எனக்கு, அந்தச் சிரிப்புக்குப் பின்னால் 800 வருடக் கதை இருக்கிறது என்று தெரியும். முகம் சூடாகிவிட்டது.

மகள் வாசித்தது 'சந்ததம் பாஹிமாம்'. தீட்சிதர் (1775–1835) சென்னைக்கு அருகே மணலியில் தங்கியிருந்த காலத்தில் கம்பெனியாரின் பேண்ட் வாத்தியத்தைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். நோட்டுஸ்வரங்கள் என்று நாம் அழைக்கும் அவற்றில் ஏறக்குறைய 40 கிடைத்திருக்கின்றன. 'சந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டில் அமைந்தது. எனக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் சொல்லிக்கொடுத்தேன். அயர்லாந்தில், சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வாசித்தால் என்ன ஆகும் என்றுதான் யோசிக்கவில்லை.

அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. இங்கே பல தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் கையில் முதலில் தருவது டின் விசிலைத்தான். அவளை நான் வேணுவில் உட்கார வைக்க நினைத்திருந்தேன், பள்ளிக்கூடம் முந்திக்கொண்டது. "நம்ம பாட்டு ஒண்ணாவது வாசிக்கச் சொல்லுடா" என்று என் அம்மா தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆறு துளை விசிலில் கமகம் வழியவிடுவது எளிதல்ல. நோட்டுஸ்வரத்தில் கமகமே இல்லை, நேரான சங்கராபரணம். சிக்கல் ஒன்றுதான். அந்த மெட்டு ஆதார சட்ஜத்துக்கு ஒரு ஸ்வரம் கீழே இறங்கும். மகளுடைய விசிலில் மிகக் கீழான ஸ்வரம் டி. டி-யைச் சட்ஜமாக வைத்தால் கீழே இறங்க வழியில்லை. ஆகவே ஜி-யைச் சட்ஜமாக்கிக் கொடுத்தேன். அவ்வளவு கவனமாகக் கணக்குப் போட்டவன், அந்த மெட்டு இந்த மண்ணில் யாருடையதாகக் கேட்கும் என்று மட்டும் கணக்குப் போடவில்லை.

பெரியவர் உள்ளே வந்து தேநீர் குடித்தார். நீங்களும் வாசிப்பீர்களா என்று கேட்டார். அலமாரியில் கிடந்த என் லோ விசிலை எடுத்துக் காட்டினேன். மகளுடைய விசில் ஓர் அடி நீளம்; இது அதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளமுள்ள அலுமினியக் குழாய். அதே டி, ஆனால் ஒரு ஸ்தாயி கீழே. "பள்ளிக்கூட விளையாட்டுச் சாமான் வேண்டாம், உண்மையான பழைய ஐரிஷ் நாதம் வேண்டும் என்று வாங்கினேன்" என்றேன்.

அவர் இப்போது வாய்விட்டே சிரித்தார். "இந்த விசிலைவிட நான் வயதில் மூத்தவன்" என்றார்.

அவர் சொன்னது சரி. லோ விசிலின் குரலில் ஒரு தொன்மை இருக்கிறது. மூடுபனி, கல் சுவர், கடல் எல்லாம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இன்றைய லோ விசில் பிறந்தது 1971-இல். அதுவும் அயர்லாந்தில் அல்ல, இங்கிலாந்தின் ரக்பி நகரில். டப்ளினைச் சேர்ந்த ஃபின்பார் ஃபியூரி என்ற புகழ்பெற்ற பைப் கலைஞரிடம் இந்தியாவிலிருந்து வந்த மூங்கில் விசில் ஒன்று இருந்தது. அவர் உயிராய் வைத்திருந்த அந்தக் குழல் கச்சேரிப் பயணத்தில் உடைந்துபோயிற்று. ரக்பியில் இருந்த பெர்னார்ட் ஓவர்டன் என்ற ஜாஸ் கலைஞரிடம் அதைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்டார். மூங்கிலை ஒட்ட முடியவில்லை. அதற்குப் பதிலாக ஓவர்டன் உலோகக் குழாயில் ஒன்று செய்து கொடுத்தார். கேட்டவர்களெல்லாம் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். 1990-களில் 'ரிவர்டான்ஸ்' மேடைக் காட்சி உலகைச் சுற்றியபோது டேவி ஸ்பிலேனின் வாசிப்பில் அந்த நாதம் கோடிக்கணக்கானவர்களின் காதில் 'அயர்லாந்து' என்று பதிந்துவிட்டது.

நான் விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கிய சின்ன விசில்தான் உண்மையில் மூத்தது. இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ராபர்ட் கிளார்க் என்ற பண்ணைத் தொழிலாளி 1843-இல் தகரத் தகட்டைச் சுருட்டி அதைச் செய்தார். கருவிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு மான்செஸ்டருக்கு நடந்தே போய்த் தொழில் தொடங்கினார். இரண்டே ஆண்டுகளில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தது. ஏறக்குறைய 10 லட்சம் பேர் இறந்தார்கள், அதே அளவு பேர் கப்பலேறினார்கள். சில காசுக்குக் கிடைத்து சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரு குழல் அப்படிப்பட்ட மக்களிடம் நிலைத்ததில் வியப்பில்லை.

இரண்டு குழலும் பிறந்தது இங்கிலாந்தில். ஒன்றுக்கு முன்னோடி இந்திய மூங்கில். இதைக் கேட்டதும் 'பார், நாம் கொடுத்தது' என்று மார்தட்டத் தோன்றியது. அடக்கிக்கொண்டேன். மணலியில் தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி வயலினைக் கற்று நம் இசைக்குள் கொண்டுவந்தார். அதற்காக ஐரோப்பா நம்மிடம் வந்து மார்தட்டினால் நமக்குப் பிடிக்குமா? வாத்தியத்துக்கு ஊர் கிடையாது. அதில் எதை, எப்படி வாசிக்கிறோம் என்பதற்குத்தான் ஊர் உண்டு.

என் விசில் அலமாரியில் கிடந்ததற்கான காரணத்தையும் பெரியவரே கண்டுபிடித்தார். லோ டி-யின் துளைகள் பெரியவை, அகலமான இடைவெளியில் இருப்பவை. சின்ன விசில்போல விரல் நுனியால் மூடப் பார்த்தால் வலது மோதிர விரலின் கீழே காற்று கசியும். எனக்கு ஆறு மாதம் கசிந்தது, மணிக்கட்டும் வலித்தது. விரலை மடக்காமல் நீட்டி, நடுப்பகுதிச் சதையால் மூட வேண்டும். பைப் வாசிப்பவர்களின் பிடி அது. விரல் எட்டாதவர்கள் நேரே லோ டி-க்குப் போக வேண்டியதில்லை. ஏ அல்லது ஜி விசிலில் தொடங்கி, எஃப்-க்கு இறங்கி, பிறகு டி-க்கு வரலாம். விரல் வைப்பு எல்லாவற்றிலும் ஒன்றே. சுருதி மட்டும் மாறும். தனியே வாசிக்க எந்தச் சுருதியும் சரி. பப்பில் மற்றவர்களோடு சேர்ந்து வாசிக்க வேண்டுமானால்தான் டி தேவை. நம் கணக்கில் அது 2 கட்டை.

பாட்டைத் தேர்வதும் அப்படித்தான். நான் எடுத்தவுடனே வேகமான ரீல்களில் இறங்கியிருந்தேன். பெரிய துளையில் விரல் அவ்வளவு விரைவாக ஓடாது. காற்றும் அதிகம் கேட்கும். பிடில்காரர்களின் மெட்டு பல சமயம் டி-க்குக் கீழே இறங்கிவிடும். அந்த இடத்தை ஒரு ஸ்தாயி மேலே தூக்கி மடித்தாக வேண்டும். லோ விசிலுக்கு இசைவது 'ஏர்' என்னும் மெதுவான மெட்டுகளும், கரோலன் (1670–1738) போன்ற பழைய ஹார்ப் கலைஞரின் மெட்டுகளும். ராகக் கண்ணால் பார்த்தால் இன்னும் எளிது. டி-யில் தொடங்கினால் சங்கராபரணம். விரல் வைப்பை மாற்றாமல் ஈ-யைச் சட்ஜமாகக் கொண்டால் கரகரப்பிரியா, ஏ-யைக் கொண்டால் ஹரிகாம்போதி. ஐரிஷ் மெட்டுகளில் பெரும்பங்கு இந்த மூன்று வீடுகளுக்குள்ளும், ஜி-யில் அமையும் இன்னொரு சங்கராபரணத்துக்குள்ளும் குடியிருக்கிறது. கிரகபேதம் தெரிந்த நமக்கு இது புதிதல்ல.

"எந்த ஏரைப் பழகலாம்?" என்று கேட்டேன். "முதலில் பாட்டின் சொற்களைப் படியுங்கள்" என்றார். ஏருக்குத் தாளக்கட்டு கிடையாது. எங்கே நிற்பது, எங்கே மூச்செடுப்பது என்பதைப் பாட்டின் சொற்கள்தான் சொல்லும். வாசிக்கும்போது சொல் கேட்காது. ஆனால் வாசிப்பவனுக்குள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

அப்போதுதான் மாலையில் நடந்தது விளங்கியது. 'சந்ததம் பாஹிமாம்' என்று பாடினால் அது தீட்சிதர். குழலில் வாசித்தால் சொல் உதிர்ந்துவிடுகிறது. மெட்டு பழைய எஜமானனிடம் திரும்பிப்போகிறது. மகளுக்குள் அந்தச் சாகித்யம் ஓடவில்லை. நான் விரலைச் சொல்லிக்கொடுத்தேன், சொல்லைக் கொடுக்கவில்லை.

புலம்பெயர்ந்தவர்களுக்கு இது நேரக்கூடியதே. ஃபிரான்சிஸ் ஓ'நீல் கார்க் பகுதியிலிருந்து 16 வயதில் கடலோடியாகக் கிளம்பி, சிகாகோவில் காவல்துறைத் தலைவராக (1901–1905) உயர்ந்தவர். அவர் 1903-இல் வெளியிட்ட தொகுப்பில் 1,850 மெட்டுகள் இருக்கின்றன. ஊரிலேயே மறந்துபோன பல மெட்டுகளை ஊரைவிட்டு வந்தவர்களிடமிருந்து அவர் திரட்டினார். அது மகத்தான வேலை. ஆனால் அந்தப் பக்கங்களில் இருப்பவை மெட்டுகள், சொற்கள் அல்ல. நாமும் பிள்ளைகளுக்கு இப்படித்தான் கொடுக்கிறோம் என்று நினைத்தேன்: பரதநாட்டியத்தில் முத்திரை, கோயிலில் சுலோகத்தின் ஓசை, பாட்டில் மெட்டு.

பெரியவர் எங்களுக்குத் தேர்ந்தெடுத்தது 'ஃபாயின்யே கியல் அன் லே'. விடியலைப் பற்றிய பழைய மெட்டு. அதே மெட்டுக்குத்தான் பாட்ரிக் கவனாவின் 'ஆன் ராக்லன் ரோடு' கவிதையை லூக் கெல்லி பாடிப் பரப்பினார். ஒரே மெட்டுக்கு இரண்டு வீடு. ஐரிஷ்காரர்களிடமும் இந்த வழக்கம் உண்டு. மகளுக்குப் பள்ளியில் ஐரிஷ் மொழி பாடம் என்பதால், பழைய பாட்டின் சொற்களை அவள்தான் எனக்கு வரிவரியாக விளக்கினாள். நான் அவளுக்குத் தீட்சிதரின் சொற்களைத் தமிழில் விளக்கினேன். எனக்கும் அதில் பாதி அன்றுதான் விளங்கியது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் சேர்ந்து வாசிக்கிறோம். அவள் சின்ன விசிலில், நான் ஒரு ஸ்தாயி கீழே. இரண்டு குழலிலும் ஒரே விரல் வைப்பு. தீட்சிதரையும் அவள் கைவிடவில்லை. முதலில் ஒருமுறை வாய்விட்டுப் பாடுகிறாள், பிறகுதான் விசிலை எடுக்கிறாள். சன்னலைச் சாத்தலாமா என்று ஒருமுறை கேட்டேன்.

"வேண்டாம் அப்பா. முதல்ல பாடுறேன்ல, அவருக்குத் தெரியும்" என்றாள்.