கூட்டம் கலைந்த பிறகு

நம்மைப் போன்ற இலக்கியக் குழுக்களில் ஒரு வழக்கம் உண்டு. சந்திப்பு முடிந்து தேநீர்க் குவளைகள் காலியானதும், "இன்றைய பேச்சை யார் எழுதித் தரப் போகிறீர்கள்?" என்றொரு குரல் எழும். அந்த நொடியில் அனைவருக்கும் வீட்டு நினைவு வந்துவிடும். கடைசியாக எழுந்தவர் தலையில் அப்பணி விழும். அவர் எழுதும் இரண்டு பக்கங்களே பின்னாளில் அந்தச் சந்திப்பாக ஆகிவிடுகின்றன என்பதை அப்போது எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பேசியவர்கள் தாம் பேசியதை மறந்துவிடுகிறார்கள். வராதவர்களுக்கோ அக்குறிப்பைத் தவிர வேறு சான்று இல்லை.

கணிப்பொறியின் வரலாற்றை வாசிக்கும்போது, இத்தகைய குறிப்பெழுதிகள் எத்துணை பெரிய காரியங்களுக்குக் காரணமாகியிருக்கிறார்கள் என்பது நம்மை வியக்க வைக்கிறது. வியப்போடு சற்று அச்சமும் உண்டு.

முதலில் ஃபிலடெல்ஃபியாவுக்குச் செல்வோம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மூர் பொறியியல் பள்ளியில், அமெரிக்க ராணுவத்திற்காக ஈனியாக் என்னும் கணிப்பொறியை உருவாக்கும் வேலை 1943 ஆம் ஆண்டு தொடங்கியது. பிரெஸ்பர் எக்கெர்ட், ஜான் மாக்லி இருவரும் அதன் மூளைகள். அந்தப் பொறி முடிவடைவதற்குள்ளாகவே அதன் குறை அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு புதுக் கணக்கிற்கும் கம்பிகளைப் பிடுங்கி மாற்றிச் செருக வேண்டும். கணக்கு நிமிடங்களில் முடியும், ஆயத்தமோ நாட்களை விழுங்கும். ஆகவே அடுத்த பொறியைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். எண்கள் இருக்கும் நினைவகத்திலேயே கட்டளைகளையும் வைத்துவிட்டால் என்ன? எட்வாக் எனப் பெயரிடப்பட்ட அப்பொறியைக் குறித்த உரையாடல்களில், கணித மேதை ஜான் வான் நியூமன் ஆலோசகராக வந்து கலந்துகொண்டார். 1945 ஆம் ஆண்டின் வசந்தத்தில் அவர்கள் பல முறை கூடிப் பேசினார்கள்.

அப்பேச்சுகளின் சாரத்தைத் தொகுத்து எழுத வான் நியூமன் முன்வந்தார். லாஸ் அலமாஸில் அணுகுண்டுப் பணியில் ஈடுபட்டிருந்த அவர், அங்கிருந்தே கையெழுத்துப் பிரதியை அனுப்பினார். ராணுவத்தின் சார்பில் திட்டத்தைக் கவனித்து வந்த ஹெர்மன் கோல்ட்ஸ்டைன் அதைத் தட்டச்சு செய்வித்தார். 1945 ஜூன் 30 என்று தேதியிட்ட, 101 பக்கங்கள் கொண்ட அந்த வரைவின் முகப்பில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. எக்கெர்ட் இல்லை, மாக்லி இல்லை. கூடிப் பேசியவர்கள் பலர். எழுதியவர் பெயர் மட்டுமே நின்றது.

ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். தொகுப்பு என்ற முறையில் அது அபாரமான எழுத்து. வெற்றிடக் குழாய்கள், கம்பிகள், மின்னழுத்தம் என்ற விவரக் காட்டுக்குள் வான் நியூமன் வாசகனை இழுத்துச் செல்லவில்லை. கணக்கிடும் உறுப்பு, கட்டுப்படுத்தும் உறுப்பு, நினைவகம், உள்ளீடு, வெளியீடு என்று பொறியை அதன் தொழில்களாகப் பிரித்துக் காட்டினார். மக்கல்லக், பிட்ஸ் இருவரும் 1943 ஆம் ஆண்டு நரம்பணுக்களுக்கென வகுத்த குறியீட்டு முறையை எடுத்தாண்டார். வாரக்கணக்கில் பலர் குழம்பிக் குழம்பிப் பேசியது ஒரு தெளிந்த நீரோடையாயிற்று.

அத்தெளிவின் வலிமையை அறிய ஒரு நிகழ்ச்சி போதும். 1946 மே மாதம் இங்கிலாந்தின் மாரிஸ் வில்க்ஸ் கைக்கு அவ்வரைவின் பிரதி ஒன்று வந்தது. கொண்டுவந்தவர் எல். ஜே. காம்ரி. மறுநாளே திருப்பித் தந்தாக வேண்டும். நகலெடுக்கும் கருவி ஏதும் கையருகில் இல்லாத காலம். வில்க்ஸ் இரவெல்லாம் உறங்காமல் படித்தார். இதுவே வழி என்று அந்த இரவே தெளிந்தார். அவர் கேம்பிரிட்ஜில் உருவாக்கிய எட்சாக் 1949 மே 6 அன்று தன் முதல் கணக்கைப் போட்டது. ஒரே இரவு வாசிப்பில் ஒரு பொறியைக் கட்டும் துணிவைத் தரக்கூடிய கூட்டக் குறிப்பு உலகில் வேறெத்தனை இருக்கும்?

எக்கெர்ட், மாக்லி பக்கம் நின்று பார்த்தால் இதே தெளிவு வேறு நிறம் கொள்கிறது. காப்புரிமைச் சிக்கலால் அவர்கள் 1946 மார்ச்சில் மூர் பள்ளியை விட்டே வெளியேறினார்கள். ஈனியாக் காப்புரிமைக்கு அவர்கள் விண்ணப்பித்தது 1947 ஜூன் 26 அன்று. ஒரு கண்டுபிடிப்பு அச்சில் வெளியாகி ஓராண்டு கடந்துவிட்டால் அதற்குக் காப்புரிமை கோர இயலாது என்பது அமெரிக்கச் சட்டம். பலர் கைக்கும் போய்ச் சேர்ந்திருந்த அவ்வரைவு 'வெளியீடு' என்றே கருதப்பட்டது. 1973 அக்டோபர் 19 அன்று நீதிபதி ஏர்ல் லார்சன் ஈனியாக் காப்புரிமை செல்லாது என்று தீர்ப்பளித்தபோது, அதற்குக் காட்டிய காரணங்களுள் இந்த வரைவும் ஒன்று. (அட்டனசாஃபின் முந்தைய பணி முதலிய வேறு காரணங்களும் இருந்தன, அது தனிக் கதை.) தாம் இருந்து பேசிய கூட்டத்தின் குறிப்பே தமக்கு எதிரான சாட்சியாக நிற்பதைக் காணும் விதி அவர்களுக்கு வாய்த்தது.

வான் நியூமன் மீது முழுப் பழியையும் சுமத்த நமக்கு மனம் வரவில்லை. அது முற்றுப்பெறாத வரைவு; மேற்கோள் குறிப்புகளுக்கென விடப்பட்ட வெற்றிடங்கள் அதில் அப்படியே இருந்தன. பெயரிட்டுப் பரப்பியவர் கோல்ட்ஸ்டைன். ஆயினும், இன்னின்னார் கூடிப் பேசியதன் சாரம் இது என்று முகப்பில் நான்கு வரி சேர்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அந்த நான்கு வரி இல்லாமையால்தான் 'வான் நியூமன் கட்டமைப்பு' என்ற தொடர் இன்றும் பாடநூல்களில் வாழ்கிறது. எக்கெர்ட் தம் இறுதிக்காலம் வரை அதை மன்னிக்கவில்லை.

கால் நூற்றாண்டு கழித்து, இதற்கு நேர்மாறான அச்சம் ஒன்று சில மாணவர்களைப் பிடித்துக்கொண்டது. 1969 ஆம் ஆண்டு, அர்ப்பாநெட் என்னும் வலையமைப்பின் முதல் நான்கு நிலையங்களைச் சேர்ந்த இளைஞர்கள் அவ்வப்போது கூடிப் பேசினார்கள். பேசியதை எழுதும் பொறுப்பு ஸ்டீவ் கிராக்கரிடம் வந்தது. எழுத்தில் வைத்துவிட்டால் அது ஆணை போலத் தொனித்துவிடுமோ, மேலே இருக்கும் பெரியவர்கள் சினம் கொள்வார்களோ என்று அவர் தயங்கினார். தங்கியிருந்த வீட்டில் நண்பர்களின் உறக்கம் கெடாதிருக்க இரவில் குளியலறையில் அமர்ந்து எழுதினார். அக்குறிப்புகளுக்கு அவர் சூட்டிய பொதுப்பெயர் 'கருத்துரைக்கான வேண்டுகோள்'. முதற்குறிப்பின் தேதி 1969 ஏப்ரல் 7. அதே மாதம் எழுதிய மூன்றாம் குறிப்பில் எழுதும் முறை பற்றிய விதிகளைத் தந்தார்: செப்பமாக இருக்க வேண்டியதில்லை, முன்னுரை வேண்டியதில்லை, விடையில்லாத கேள்வியும் வரலாம், ஒரே வாக்கியமானாலும் போதும். அடக்கத்தால் பிறந்த அந்தப் பெயரிலேயே இணையத்தின் விதிமுறைகள் இன்றும் வெளிவருகின்றன என்பது வரலாற்றின் குறும்பு.

இனி நமக்கு மிகவும் உவப்பான குறிப்பெழுதி. ஃப்ரெட் மூர் (மேற்சொன்ன பள்ளிக்கும் இவருக்கும் தொடர்பில்லை) பொறியாளர் அல்லர். 1959 ஆம் ஆண்டு பெர்க்லி பல்கலைக்கழகத்தில், கட்டாய ராணுவப் பயிற்சியை எதிர்த்துத் தனியொருவராக உண்ணாநோன்பு இருந்தவர். கட்டாயப் படைச் சேர்ப்பை மறுத்துச் சிறை சென்றவர். மக்கள் தமக்குள் தொடர்பு கொண்டால் பணமும் அதிகாரமும் தேவைப்படா என்று நம்பியவர். அத்தொடர்புகளைப் பதிந்து வைக்கக் கணிப்பொறி உதவும் என்று எண்ணி அதன் பக்கம் வந்தார்.

1975 ஜனவரியில் ஆல்டேர் 8800 என்னும் சிறு கணிப்பொறியின் படம் பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ் இதழின் அட்டையில் வந்தது. தனி மனிதர் வாங்கித் தாமே பூட்டிக்கொள்ளலாம். அதைத் தொடர்ந்து மார்ச் 5 அன்று, கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில், கார்டன் ஃப்ரெஞ்ச் என்பவரின் வீட்டுக் கார் கொட்டகையில் 32 பேர் கூடினர். ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்பின் முதற்கூட்டம் அதுதான். பத்தே நாளில், மார்ச் 15 தேதியிட்டு மூர் அதன் செய்திமடலை எழுதினார்.

அந்தக் குறிப்பை நாம் பலமுறை படித்திருக்கிறோம். மிகச் சிறியது. எத்தனை பேர் வந்தார்கள், எங்கிருந்து வந்தார்கள். அவர்களுள் 6 பேரிடம் ஏற்கெனவே சொந்தமாகக் கட்டிய பொறிகள் ஓடிக்கொண்டிருந்தன என்ற செய்தி. எண்களைப் பதினாறடிமானத்தில் எழுதுவதா எட்டடிமானத்தில் எழுதுவதா என்ற தர்க்கம். ஆல்டேர் நிறுவனத்திற்கே சென்று திரும்பிய ஒருவர் சொன்ன தகவல், அதாவது ஏறத்தாழ 1500 பொறிகள் அனுப்பப்பட்டுவிட்டன, அம்மாதம் மேலும் 1100 போகும், துணைக்கருவிகள் இப்போதைக்குக் கிடையா. பணம் கட்டிவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு இதைவிட வேண்டிய செய்தி ஏது? அடுத்து, வீட்டில் ஒரு கணிப்பொறி இருந்தால் என்ன செய்வீர்கள் என்ற கேள்வியும் அதற்கு வந்த விடைகளும். எழுத்துவேலை, விளையாட்டு, வீட்டுச் சூடேற்றியைக் கட்டுப்படுத்துதல், இசை, சிறு ரோபோக்கள், அக்கம்பக்கத்தார் தமக்குள் தகவலைப் பகிரும் சிறு வலைகள். இவற்றைச் சொன்னவர்களை மூர் கேலி செய்யவில்லை, புகழவும் இல்லை. எவரும் இதுவரை எண்ணாத பயன்களே மிகுதியாக வரும் என்று தன் கருத்தாக ஒரு வரி மட்டும் சேர்த்தார்.

அன்று அக்கொட்டகையில் ஸ்டீவ் வாஸ்னியாக் என்ற கூச்ச சுபாவமுள்ள இளைஞரும் இருந்தார். அங்கே கிடைத்த நுண்செயலி விவரத்தாள் ஒன்றை வீட்டுக்கு எடுத்துச் சென்று படித்ததும், அன்றிரவே பின்னாளைய ஆப்பிள் 1 தம் மனத்தில் உருவெடுத்ததும் அவரே பிற்காலத்தில் கூறியவை. அந்தக் கூட்டத்தின் ஆகப் பெரிய நிகழ்ச்சி அதுவென்று இன்று சொல்வோம். மூரின் குறிப்பில் அதற்கு இடமில்லை, இருக்கவும் முடியாது. ஆனால் உறுப்பினர்களின் பெயர், கைவசமுள்ள திறன், தேவை ஆகியவற்றை மூர் பட்டியலிட்டுக்கொண்டே வந்தார். அப்படித் தொடக்க இதழ் ஒன்றில் வாஸ்னியாக்கும் தம்மைப் பற்றி எழுதினார்: தொலைக்காட்சித் திரையில் எழுத்தும் விளையாட்டும் காட்டும் கருவிகளைத் தாமே வடிவமைத்திருப்பதாகவும், நேரம் குறைவு, வரைபடங்கள் உண்டு என்றும். பேசத் தயங்கியவருக்கும் அந்தத் தாளில் ஓர் இடம் இருந்தது.

மூர் சில மாதங்களிலேயே விலகிவிட்டார். குழுவின் பேச்சு வணிகத்தை நோக்கித் திரும்பியபோது அவருடைய கனவுக்கு அங்கே கேட்பாரில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. ராபர்ட் ரைலிங் பொறுப்பேற்று மடலைத் தொடர்ந்தார். 1976 பிப்ரவரி 3 தேதியிட்ட பில் கேட்ஸின் கடிதம் அவர் காலத்தில்தான் அதில் வெளியாயிற்று. தாம் எழுதிய பேசிக் மென்பொருளைக் காசு தராமல் படியெடுப்பது திருட்டு என்று அம்மடலின் வாசகர்களையே குற்றம் சாட்டிய கடிதம் அது. நாடாவைப் படியெடுத்தவர்கள் அக்குழுவிலேயே இருந்தார்கள். இருந்தும் மறைக்காமல் அச்சிட்டார்கள். 21 இதழ்களுக்குப் பின், 1977 டிசம்பரில் மடல் நின்றது. ஃப்ரெட் மூர் 1997 ஆம் ஆண்டு கார் விபத்தொன்றில் இறந்தார்.

முதல் மடலின் கூட்டக் குறிப்பு முடியும் விதத்தை இங்கே சொல்லியாக வேண்டும். கூட்டம் கலைந்து ஆங்காங்கே தனிப்பேச்சு நடந்துகொண்டிருந்தபோது, மார்ட்டி என்பவர் ஒரு 8008 சில்லை உயர்த்திப் பிடித்து, இது யாருக்குப் பயன்படும் என்று கேட்டு அப்படியே கொடுத்துவிட்டாராம். அன்றைக்கு அது விலை மலிந்த பொருளன்று. கொடுத்தவரைக் குறித்து வைத்த மூர், பெற்றுக்கொண்டவர் யார் என்பதை எழுதவில்லை.